ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டருக்கு யார் பொறுப்பு?

சென்னையிலயும் பெங்களூருலயும் இருந்து இதைக் கேக்குற நிறையப் பேருக்குத் தஞ்சாவூர்லயோ, கும்பகோணத்துலயோ, மன்னார்குடி, திருவாரூர், பட்டுக்கோட்டைப் பக்கமோ ஒரு வீடு இருக்கும். அந்த வீட்டு ஹால் ஓரத்துல, தூசி படாம ஒரு துணி போர்த்தி, ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். நீங்க காலேஜ் படிக்கும்போது வாங்கினது. நீங்க கிளம்பிட்டீங்க, அது அங்கயே தங்கிடுச்சு. இன்னைக்கு எபிசோட் அந்தக் கம்ப்யூட்டரைப் பத்தி.

பழைய பெட்டிதானே, அதுல என்ன இருக்கப் போகுதுன்னு தோணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அப்பா பட்டா சிட்டாவை அதுலதான் டவுன்லோட் பண்றார். பயிர்க் காப்பீட்டு ரசீது அதுலதான் இருக்கு. கொள்முதல் நிலையத்துல நெல்லைப் போட்டதுக்கான பணம் எந்தக் கணக்குல ஏறுமோ, அந்தக் கணக்கோட நெட் பேங்கிங்கை எப்பவாவது ஒருநாள் அதுலதான் திறந்து பார்த்திருப்பார். அம்மாவோட பென்ஷன் புத்தகம் ஸ்கேன், எல்லாரோட ஆதார், பத்திர நகல், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் டெஸ்க்டாப்லயே 'நியூ ஃபோல்டர் 3'ங்கிற பேர்ல கிடக்கும். உங்க ஆபீஸ் லேப்டாப்பைப் பாத்துக்க ஒரு ஐடி டீமே இருக்கு. இதைப் பாத்துக்க யார் இருக்கா?

முதல்ல ஒரு உண்மைச் சம்பவம். 2020 ஆகஸ்ட் மாசம் தமிழ்நாட்டுல பெருசா வெடிச்ச பிஎம் கிசான் மோசடி ஞாபகம் இருக்கா? விவசாயிக்கு வருஷத்துக்கு 6000 ரூபாய், மூணு தவணையா, நேரா வங்கிக் கணக்குக்குப் போற திட்டம் அது. திடீர்னு பதிவு எண்ணிக்கை எகிறிடுச்சு. தோண்டிப் பார்த்தா, நிலமே இல்லாதவங்க, தகுதியே இல்லாதவங்கன்னு 5 லட்சத்துக்கும் மேல ஆட்கள் உள்ள நுழைஞ்சிருந்தாங்க. போன பணம் சுமார் 110 கோடி ரூபாய்னு அரசே சொல்லிச்சு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் அதிகமா அடிபட்டது. சிபிசிஐடி விசாரணை, கைது, சஸ்பெண்ட், ஒப்பந்த ஊழியர்கள் நீக்கம்னு பல மாசம் ஓடிச்சு.

இதுல நான் உங்க கவனத்துக்குக் கொண்டு வர்றது ஒரே விஷயம்தான். இவ்வளவு பெரிய ஓட்டை எப்படி விழுந்துச்சு? எவனோ ரஷ்யாவுல ஒக்காந்து இருட்டு ரூம்ல கோடு அடிச்சானா? இல்ல. அதிகாரிகளோட லாகின் ஐடியும் பாஸ்வேர்டும் வெளி ஆட்கள் கைக்குப் போயிருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு, சும்மா கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்து, ஒவ்வொரு பேரா ஏத்தி, ஒப்புதலும் குடுத்துக்கிட்டாங்க. பூட்டை யாரும் உடைக்கல. சாவியைக் கொண்டுபோய் திறந்தாங்க.

வீட்டுலயும் முக்கால்வாசி இதே கதைதான். மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. ஜிமெயில் ஐடி, பாஸ்வேர்டு, அதுக்குக் கீழயே நெட் பேங்கிங் யூசர் நேம். அதே பாஸ்வேர்டு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் தெரியும், ஏன்னா போன வருஷம் ஏதோ விண்ணப்பம் போட அப்பா அதை வாயாலேயே சொல்லிட்டு வந்தார். கடைக்காரர் நல்லவராவே இருக்கலாம். பெரும்பாலும் நல்லவர்தான், நம்ம ஊருல பாதி அரசாங்கமே அந்தக் கடைங்க வழியாத்தான் நடக்குது. ஆனா அவர் கடைக் கம்ப்யூட்டர்ல எத்தனை வைரஸ் குடியிருக்குன்னு அவருக்கே தெரியாது.

இங்க ஒரு சின்னக் கிளைக்கதை. 2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு அறிவிப்பு விட்டுச்சு. ஆதார் நகலை எல்லார்கிட்டயும் குடுக்காதீங்க, கடைசி 4 எண் மட்டும் தெரியிற மறைக்கப்பட்ட ஆதாரைக் குடுங்க, நெட் சென்டர் கம்ப்யூட்டர்ல ஆதாரை டவுன்லோட் பண்ணாதீங்க, பண்ணினா காப்பி எல்லாத்தையும் அழிச்சிடுங்கன்னு. நாடு முழுக்க ஒரே பரபரப்பு. ரெண்டே நாள்ல, தப்பாப் புரிஞ்சுக்கிறாங்கன்னு சொல்லி மத்திய அரசு அதை வாபஸ் வாங்கிடுச்சு. அறிவிப்பு போயிடுச்சு, ஆனா அதுல இருந்த யோசனை கெட்டுப் போகல. மறைக்கப்பட்ட ஆதார் இன்னைக்கும் அதே ஆதார் தளத்துல கிடைக்குது. வீட்டுக் கம்ப்யூட்டர்லயே அதை எடுத்து, நாலு பிரிண்ட் போட்டு, அப்பா பையில வச்சிடுங்க. ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டிய காரணமே ஒண்ணு குறையுது.

கடையில பிரிண்ட் எடுக்க வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தா, போன்ல 'லிங்க்டு டிவைசஸ்'ங்கிற இடத்தை இப்பவே போய்ப் பாருங்கன்னு சொல்லுங்க. மூணு மாசம் முன்னாடி திறந்த கடைக் கம்ப்யூட்டர் இன்னும் அங்க ஒக்காந்திருக்கலாம்.

சரி, பாஸ்வேர்டு. ஸ்டிக்கரைக் கிழிங்க. ஆனா 'எதையும் எழுதி வைக்காதீங்க'ன்னு 65 வயசுக்காரர்கிட்ட சொல்றது நடக்கிற காரியம் இல்ல. ஒரு நோட்டுல எழுதி, பீரோவுல பத்திரத்தோட வைங்க. பாதுகாப்பு நிபுணர்கள் சிலர் முகம் சுளிப்பாங்க. எனக்கு அது பரவாயில்ல. கம்பியூட்டர் வழியா வர்ற திருடனால உங்க பீரோவைத் திறக்க முடியாது. மானிட்டர்ல ஒட்டினது வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும், டெஸ்க்டாப்ல 'பாஸ்வேர்ட்ஸ்'னு சேமிச்ச ஃபைல் உள்ள வர்ற எந்த வைரஸுக்கும் தெரியும்.

பாஸ்வேர்டு எப்படி இருக்கணும்? பேரப் பிள்ளை பேரு, பிறந்த வருஷம் வேண்டாம். குலதெய்வம் பேரும் வேண்டாம், ஊருல பாதிப் பேருக்கு அதே தெய்வம்தான். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு சொல்லை எடுத்து இங்கிலீஷ் எழுத்துல அடிங்க. கிச்சிலி, டிராக்டர், வெத்தலை, புதன்கிழமை, இந்த மாதிரி. இப்ப நான் சொல்லிட்டேன், இதையே வச்சுடாதீங்க. மாப்பிள்ளைச் சம்பான்னு தனியா ஒரே நெல்லுப் பேரை வச்சா யூகிச்சிடலாம். நாலு சொல்லைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்தா, நீளம் இருபது எழுத்துக்கு மேல போயிடும், ஆனா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். ஆச்சரியக்குறி, அட் குறின்னு ஒரு எட்டு எழுத்தைத் திணிக்கிறதைவிட இது உறுதியானது. முக்கியமா, ஜிமெயிலுக்கு வச்சதை வேற எதுக்கும் வைக்கக் கூடாது. ஏன்னா மத்த எல்லாத்தோட 'பாஸ்வேர்டு மறந்துடுச்சு' லிங்க்கும் அந்த ஜிமெயிலுக்குத்தான் வருது. அது போனா எல்லாம் போச்சு. அந்த ஒரு கணக்குக்காவது இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டுட்டு வாங்க.

அடுத்தது அப்டேட். தமிழ்நாடு அரசு 2011ல இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சுது இல்லையா, பிளஸ் டூ பசங்களுக்கும் காலேஜ் பசங்களுக்கும். டெல்டாவுல எத்தனையோ வீட்டுல அந்த லேப்டாப்தான் இன்னும் 'வீட்டுக் கம்ப்யூட்டர்'. பேட்டரி செத்து, சார்ஜர்லயே ஓடும். ஆரம்பத்துல வந்ததுல விண்டோஸ் 7 இருந்துச்சு. அந்த விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஆம் தேதியோட கதவைச் சாத்திடுச்சு. குரோம் பிரவுசரும் 2023ல அதைக் கைவிட்டுச்சு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14தான் கடைசி. பதிவு பண்ணிக்கிட்டா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான்.

'சப்போர்ட் முடிஞ்சா என்ன, ஓடுதே'ன்னு மாமா கேப்பார். நியாயமான கேள்வி. பதில், வானாக்ரை. 2017 மே 12ஆம் தேதி. ஒரே நாள்ல உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கிச்சு, திறக்கப் பணம் கேட்டுச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பிச்சு. அது நுழைஞ்ச ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் எப்ப வெளியிட்டுச்சு தெரியுமா? மார்ச் 14. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் முன்னாடி. அதை அப்பவே போட்டிருந்த கம்ப்யூட்டருக்குள்ள அந்த ஓட்டை வழியா அதால நுழைய முடியல. 'ரிமைண்ட் மீ லேட்டர்' அழுத்திக்கிட்டே இருந்தவங்கதான் பெரும்பாலும் மாட்டினாங்க. இன்னொண்ணையும் கவனிங்க. அதுல மாட்ட யாரும் எந்த லிங்க்கையும் க்ளிக் பண்ணத் தேவையில்ல. அது தானா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிச்சு. வரப்புல நண்டு வளை இருந்தா தண்ணிக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லையே.

அப்போ பழைய லேப்டாப்பை என்ன பண்றது? விண்டோஸ் 11 அதுல ஏறாது. தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் போடுங்க. அது ஒண்ணும் ஊருக்குப் புதுசு இல்ல. அந்த இலவச லேப்டாப்லயே விண்டோஸ் பக்கத்துல 'பாஸ்'னு ஒரு லினக்ஸ் இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? நம்ம சென்னை சி-டாக்ல உருவாக்கினது. அன்னைக்கு அதை யாரும் திறந்து பார்க்கல, எல்லாரும் அழிச்சிட்டு அந்த இடத்துல படம் ஏத்தினோம். இன்னைக்கு அப்பா கம்ப்யூட்டர்ல செய்யிறது எல்லாமே பிரவுசருக்குள்ளதான். பட்டா, இ.பி. பில், யூடியூப், தினசரி. லினக்ஸ் மின்ட் மாதிரி ஒண்ணைப் போட்டு, டெஸ்க்டாப்ல பிரவுசர் ஐகானைப் பெருசா வச்சுட்டா போதும். டேலி ஓட்டணும், பழைய தமிழ் ஃபான்ட் வச்சு டைப் அடிக்கணும்னா கொஞ்சம் சிக்கல். அப்படி இல்லாத வீட்டுக்கு இது தாராளமாப் போதும்.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன். இதை ஏனோ யாரும் சொல்றதில்ல. வீட்டுக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா ஒரே ஒரு பேரு வருதா? அந்தப் பேருக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்'னு அதிகாரம் இருக்கும். அதாவது அந்தப் பேர்ல ஒக்காந்திருக்கிற யார் வேணும்னாலும், எதை வேணும்னாலும் இன்ஸ்டால் பண்ணலாம், பாதுகாப்பை அணைக்கலாம். அப்பா ஒக்காந்தாலும் அதே அதிகாரம். லீவுக்கு வந்த சித்தப்பா பையன், கேம் கிராக் தேடி எங்கேயோ போய் எதையோ இறக்கினாலும் அதே அதிகாரம். அவன் இறக்கினது ஓடும்போது அதுக்கும் அதே அதிகாரம்.

மாத்துறதுக்குப் பத்து நிமிஷம் போதும். செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்ஸ், அதுல 'அதர் யூசர்ஸ்'. புதுசா ஒரு கணக்கு உண்டாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்க. பாஸ்வேர்டு உங்ககிட்ட மட்டும், ஒரு நகல் பீரோ நோட்டுல. அப்புறம் அந்தப் புதுக் கணக்குல போய், அப்பாவோட பழைய கணக்கை 'ஸ்டாண்டர்ட் யூசர்'னு இறக்கிடுங்க. அப்பாவுக்கு எதுவும் மாறினதே தெரியாது. அதே வால்பேப்பர், அதே ஃபோல்டர். ஆனா ஏதாவது ஒண்ணு கம்ப்யூட்டரோட அடிமடியில கை வைக்க முயற்சி பண்ணினா, பாஸ்வேர்டு கேட்டு நிக்கும். அப்பா உங்களுக்குப் போன் பண்ணுவார். அந்த ஒரு போன்தான் நமக்கு வேணும். பசங்களுக்குத் தனியா இன்னொரு கணக்கு. அவன் கணக்குல அவன் என்ன கூத்தடிச்சாலும் அப்பாவோட ஃபோல்டரை அது தொடாது. எல்லா வைரஸையும் இது நிறுத்தும்னு சொல்லல. அப்பா கணக்குலயே ஓடி அப்பா ஃபைலை மட்டும் பூட்டுற வகையும் இருக்கு. அதுக்கு வேற வழி, பின்னாடி வர்றேன்.

இப்படிப் பிரிச்சு வைக்கிறதோட மதிப்பு தெரியணும்னா கூடங்குளத்தைப் பாருங்க. 2019 அக்டோபர் 29, அணுமின் நிலையத் தரப்புல இருந்து, சைபர் தாக்குதல்னு வர்றது பொய்ச் செய்தின்னு மறுப்பு வந்துச்சு. அடுத்த நாளே இந்திய அணுமின் கழகம் ஒத்துக்கிட்டுச்சு. ஆமா, கம்ப்யூட்டர் ஒண்ணுல மால்வேர் இருந்தது, செப்டம்பர் 4ஆம் தேதியே செர்ட்-இன் எங்களுக்குச் சொல்லிடுச்சுன்னு. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்ல இணைஞ்சிருந்த ஒரு பயனரோட பிசி அது. உலையை இயக்குற உள் நெட்வொர்க் தனி, அதோட இதுக்குத் தொடர்பே இல்ல, ஆலைப் பக்கம் பாதிப்பில்லன்னு விளக்கம் குடுத்தாங்க. முதல் நாள் மறுத்ததைப் பத்தி நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம், எனக்கும் இருக்கு. ஆனா அணு உலைக்கும் வைரஸுக்கும் நடுவுல நின்னது அந்தப் பிரிவுதான்.

பணத்துக்கும் இதையே செய்யலாம். கொள்முதல் பணம், பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, நகைக்கடன் எல்லாம் ஓடுற கணக்கு ஒண்ணு. அதுல யுபிஐ வேண்டாம், நெட் பேங்கிங் வரம்பைக் குறைச்சு வைங்க. மளிகைக்கடை, ரீசார்ஜுக்குன்னு இன்னொரு கணக்கு, அதுல ஐயாயிரமோ பத்தாயிரமோ. சம்பா அறுவடை முடிஞ்சு ஒரு வருஷத்து உழைப்பும் ஒரே நாள்ல ஒரே கணக்குல ஏறுது. அதே கணக்கை வச்சு டீக்கடையில க்யூஆர் ஸ்கேன் பண்றது எனக்குச் சரியாப் படல.

ஆன்டிவைரஸ் பத்தி நிறையக் கேள்வி வருது. சுருக்கமா: விண்டோஸோட வர்ற டிஃபென்டர் வீட்டுக்குப் போதும். ட்ரையல் முடிஞ்சு, 'ரினியூ பண்ணு, ரினியூ பண்ணு'ன்னு தினமும் கத்துற ஒண்ணு இருந்தா நீக்கிடுங்க. விண்டோஸ் ஒரிஜினல் இல்லைன்னா அதுதான் பெரிய பிரச்சனை. 'ஆக்டிவேட் பண்ண முதல்ல டிஃபென்டரை ஆஃப் பண்ணுங்க'ன்னு ஒரு சாஃப்ட்வேர் சொல்லுதுன்னா, வீட்டுக்குள்ள வர நாயைக் கட்டிப் போடச் சொல்றவனை என்னன்னு நினைப்பீங்களோ, அப்படி நினைச்சுக்கோங்க.

பென் டிரைவ்ல எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகி நிக்குதா? கடைக் கம்ப்யூட்டர்ல இருந்து ஒட்டிக்கிட்டு வந்தது. ஷார்ட்கட்டை அழுத்தாதீங்க, ஃபைல் உள்ளேயே மறைஞ்சுதான் இருக்கும். டிஃபென்டர்ல ஸ்கேன் பண்ணிட்டு எடுத்துக்கலாம்.

ஸ்கிரீன் ஓரத்துல 'உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்'னு அடிக்கடி எட்டிப் பார்க்குதே, அது முக்கால்வாசி நேரம் வைரஸே இல்ல. ஏதோ ஒரு படம் பார்க்கிற தளத்துலயோ, இலவச ஜாதகத் தளத்துலயோ, 'நோட்டிபிகேஷன் அனுப்பலாமா'ன்னு கேட்டப்ப அம்மா 'அலோ'ன்னு அழுத்திட்டாங்க. பிரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போய், அனுமதி வாங்கின தளங்களை எல்லாம் நீக்குங்க. அப்படியே 'யாரும் கேக்கவே கூடாது'ங்கிறதையும் போட்டுடுங்க. மந்திரம் போட்ட மாதிரி நின்னுடும்.

இதுலயே ஆபத்தான வகை ஒண்ணு உண்டு. முழு ஸ்கிரீனையும் பிடிச்சுக்கிட்டு, சைரன் அடிச்சு, 'மைக்ரோசாஃப்டைக் கூப்பிடுங்க'ன்னு ஒரு நம்பர் காட்டும். மைக்ரோசாஃப்ட் அப்படி எச்சரிக்கைக்குள்ள போன் நம்பர் போடுறதே இல்ல. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூணையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை மூடுங்க. அதுவும் வரலைன்னா சுவிட்சையே அணைச்சுடச் சொல்லுங்க. ஒண்ணும் குடி முழுகிடாது. அந்த நம்பரைக் கூப்பிட்டா, பேசுறவன் எனி டெஸ்க் இறக்கச் சொல்வான். அதுக்கப்புறம் மவுஸ் அவன் கையில.

இதுல நம்ம மேலயும் கொஞ்சம் பங்கு இருக்கு. ஊருல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினா நாமளே என்ன பண்றோம்? 'அப்பா, எனி டெஸ்க் திறங்க, அந்த ஒன்பது இலக்கத்தைச் சொல்லுங்க'ங்கிறோம். அப்பாவுக்கு அது பழகிடுச்சு. கம்ப்யூட்டர் சரி பண்றதுன்னா அந்த நம்பரைச் சொல்றதுதான்னு மனசுல பதிஞ்சிடுச்சு. நாளைக்கு எவனோ கேட்டாலும் சொல்லிடுவார். அதனால ஒரு வழக்கம் வச்சுக்கோங்க. நீங்க வாட்ஸ்அப் வீடியோவுல முகம் காட்டினா மட்டும்தான் அந்த நம்பர். முகம் இல்லையா, நம்பர் இல்ல. வேலை முடிஞ்சதும் அதை நீக்கிடுங்க. 'சிபிஐயில இருந்து பேசுறோம், டிஜிட்டல் அரெஸ்ட்'னு வீடியோவுல காக்கிச் சட்டை போட்டு வர்றவனுக்கு இந்த விதி பொருந்தாது, அவனும் முகம் காட்டுவான். அதுக்குத் தனியாச் சொல்லி வைங்க. இந்தியச் சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணே கிடையாது.

வை-ஃபை ரவுட்டர். கனெக்‌ஷன் குடுக்க வந்தவர் வச்ச பாஸ்வேர்டே இன்னும் இருந்தா மாத்துங்க. ரெண்டு பாஸ்வேர்டு இருக்கு, குழப்பிக்காதீங்க. வை-ஃபைக்கு ஒண்ணு, ரவுட்டருக்குள்ள போய் அமைப்பை மாத்த இன்னொண்ணு. ரெண்டாவது பல வீட்டுல இன்னும் 'அட்மின், அட்மின்'தான். பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைன் கிளாஸுக்குக் கேட்டான்னு வை-ஃபையைக் குடுக்கிறது நம்ம ஊரு வழக்கம், குடுக்காதீங்கன்னு சொன்னா நடக்காது. ரவுட்டர்ல 'கெஸ்ட் நெட்வொர்க்' இருந்தா அதைக் குடுங்க, மாசம் ஒருதரம் மாத்துங்க. உங்க கனெக்‌ஷன்ல யார் என்ன பண்ணினாலும், விசாரணைன்னு வந்தா முதல்ல வர்ற முகவரி உங்க அப்பாவோடது.

பின்னாடி வர்றேன்னு சொன்னது பேக்கப். ஃபைலை எல்லாம் பூட்டிப் பணம் கேக்குற ரேன்சம்வேருக்கு நம்பகமான மருந்து, வேற இடத்துல இன்னொரு நகல் இருக்கிறது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, போட்டோ, பத்திரம் எல்லாத்தையும் ஏத்திட்டு, கழட்டி வச்சிடுங்க. கழட்டாம சொருகியே வச்சிருந்தா வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிடும். ஆனா டெல்டாக்காரங்களுக்கு அது மட்டும் போதாதுன்னு நினைக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியுறதுக்குள்ள கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னை எல்லாம் சாய்ஞ்சு கிடந்துச்சு. ஓடு பறந்த வீட்டுல பீரோவும் நனைஞ்சுது, பத்திரமும் நனைஞ்சுது. ஹார்ட் டிஸ்க்கும் அதே பீரோவுலதான் இருக்கும். அதனால ஒரு நகல் வீட்டுக்கு வெளியே, உங்ககூட, நீங்க இருக்கிற ஊருல இருக்கட்டும். கிளவுட்ல வைக்கிறதும் சரிதான், அந்த ஜிமெயில் பாஸ்வேர்டு நாலு சொல்லா இருக்கிற வரைக்கும்.

இவ்வளவுக்கு அப்புறமும் பணம் போச்சுன்னா? முதல்ல 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள முடக்க அவ்வளவு வாய்ப்பு. அதோட வங்கிக்குப் போன் பண்ணி கணக்கை நிறுத்தச் சொல்லுங்க. சைபர்க்ரைம் டாட் கவ் டாட் இன் தளத்துல புகார் பதியலாம், மாவட்டத் தலைநகர்ல சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கு. கம்ப்யூட்டர்ல வை-ஃபையைத் துண்டிச்சிட்டு, பாஸ்வேர்டை வேற போன்ல இருந்து மாத்துங்க. அதே கம்ப்யூட்டர்ல மாத்தினா புது பாஸ்வேர்டையும் அவன்கிட்டயே குடுக்கிறீங்க.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. வங்கி மேலயும் தப்பில்ல, வாடிக்கையாளர் மேலயும் தப்பில்ல, நடுவுல வேற எங்கேயோ ஓட்டைன்னா, வங்கித் தகவல் வந்து 3 வேலை நாளுக்குள்ள புகார் குடுத்தா வாடிக்கையாளருக்கு நஷ்டமே கிடையாது. 4ல இருந்து 7 நாள்னா ஒரு வரம்பு வரைக்கும் நம்ம தலையில. ஓடிபியையோ பாஸ்வேர்டையோ நாமளே சொல்லியிருந்தா, புகார் குடுக்கிற வரைக்கும் போன பணம் முழுக்க நம்ம நஷ்டம். புகார் குடுத்ததுக்கு அப்புறம் போறது வங்கியோடது. அதாவது, நம்ம தப்பாவே இருந்தாலும் உடனே சொல்றதுல லாபம் இருக்கு.

ஆனா பெரியவங்க உடனே சொல்ல மாட்டாங்க. அதுதான் கஷ்டம். 'பையன் திட்டுவான்', 'ஊருல தெரிஞ்சா அசிங்கம்'னு ரெண்டு நாள் சாப்பிடாம ஒக்காந்திருப்பாங்க. அந்த ரெண்டு நாள்ல பணம் ஏழு கணக்கு தாண்டிடும். அதனால பொங்கலுக்கு உழவன் எக்ஸ்பிரஸ்ல இறங்கி வீட்டுக்குப் போனதும், அட்மின் கணக்கு மாத்துறதுக்கு முன்னாடி, இதைச் சொல்லிடுங்க: 'பணம் போனா நான் திட்ட மாட்டேன். ராத்திரி ரெண்டு மணின்னாலும் எழுப்புங்க.' தினசரி காலண்டர் அட்டையில, கேஸ் சிலிண்டர் நம்பருக்குக் கீழ, 1930ன்னு பெருசா எழுதி வச்சிட்டு வாங்க.

லினக்ஸ் போடுறதுக்கான படிப்படியான விளக்கம் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீங்க, அடுத்த எபிசோட்ல அதை எடுத்துக்கலாம். பழைய லேப்டாப்பையும் ஒரு 8 ஜிபி பென் டிரைவையும் எடுத்து வச்சுக்கோங்க.